திருடனுக்கு ஒரு பாட்டு

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலை செய்த பெண் பேட்டி கொடுத்தே புகழடைந்து, ஆடிப்பாடி விடுதலையாகும் கிண்டல் படம் ஒன்றுக்குத் திண்டுக்கல்லில் போயிருந்தேன். தீர்ப்பு வந்ததும் எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்தான். படம் என் போன்ற ஆட்களைத்தான் கேலி செய்கிறது என்பது பஸ் ஏறிய பிறகே உறைத்தது.

குஜிலியம்பாறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பெண்கள்.

"எஞ் சங்கிலிய அறுத்தவனும் இப்பிடித்தான் மதினி. போலீஸ் ஜீப்புலருந்து எறங்கி முடியக் கோதுறான், அதுக்கு ஒரு பாட்டப் போட்டு சேனல்காரன் விட்டுட்டான். அம்புட்டுப் பேரும் பாக்குறாங்க."

"ஒங்கிட்டயும் பேட்டி எடுத்தாங்கள்ல?"

"எடுத்தாங்க. 'வெளிச்சம் பத்தல, இன்னொருக்கா அழுங்கக்கா'ன்னாங்க. கடைசில அதையும் போடல."

மதினி சிரித்துவிட்டு, "சரி, நாளைக்குக் கோர்ட்டுல அவன அடையாளம் காட்டுவியா, மாட்டியா?" என்றாள்.

"அதான் யோசனையா இருக்கு. எம் மகளே அந்தப் பாட்டத்தான் பாடிக்கிட்டுத் திரியிறா. கைகாட்டுனா ஊரே என்னைய வில்லிம்பாக."

"காட்டாட்டி, அடுத்த பாட்டுக்கு எங் கழுத்துல கை வப்பான்டி!"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முன்னால் குனிந்து, "அந்தப் பாட்டு எந்தச் சேனல்லங்க வருது?" என்று கேட்டுவிட்டேன்.

சங்கிலியைப் பறிகொடுத்தவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வாங்க, நான் கைகாட்டுற ஆளுகிட்டயே கேளுங்க."