மூடியிருந்த பெட்ரோல் குழாய்

உக்கடத்திலிருந்து மதுக்கரை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "என்ற ஊட்டுக்காரர வேணா ஆராச்சும் கூட்டிட்டுப் போகட்டுமுங்க, அந்த ஆர்.எக்ஸ். நூறு பைக்கைத் தரமாட்டேன்."

பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். "நெஞ்சுல ஆபரேஷன் ஆனதால விக்கறாருன்னு சொன்னீங்களேக்கா?"

"கிக்கர் உதைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. அதுல பட்டன் ஸ்டார்ட்டும் கெடையாது. புகைச் சட்டம் வந்ததும் அந்த வண்டி செய்யறதையே நிறுத்திப்போட்டாங்க, அதனால இப்ப வாங்க ஆளுக அலையறாங்க. அந்தியூர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. என்ற ஊட்டுக்காரரு அதப் பாக்க முடியாம ஊட்டுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டாரு. எனக்கு மனசு கேக்கலீங்க. டேங்குக்கு அடியில இருக்கற பெட்ரோல் குழாயை மூடிப்போட்டேன்."

"அய்யோ! அப்புறம்?"

"ஓட்டிப் பாக்கப் போனவரு, மிச்சமிருந்த பெட்ரோல்ல கொஞ்ச தூரம் ஓடி நின்னுபோன வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாரு. அந்தக் குழாயே இல்லாத புது வண்டி ஓட்டிப் பழகுனவருங்க, குழாய் நெனப்பே வரலை. இஞ்சின் போச்சுன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பிட்டாரு. கல்யாணமான புதுசுல எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே இவருதானுங்க. குழாயைத் திறந்து உதைச்சேன் பாருங்க, சத்தங்கேட்டு ஓடியாந்துட்டாரு! அந்த மூஞ்சியப் பாக்கோணுமே! இப்ப நான் ஓட்டறேன், அவரு பின்னால உக்காந்து வாராரு."

"அப்ப இன்னைக்கு ஏனுங்க பஸ்ஸு?"

"மழை வாராப்ல இருக்குதாம். வண்டி நனைஞ்சுபோடும், நீ பஸ்ஸுல போன்னுட்டாருங்க."