ஆடிக்கு முன்னால் பொங்கிய பால்

"வீடு நம்மளதுன்னு ஆகறதுக்கு முன்னாடி பால் காய்ச்சியிருக்கக் கூடாதுங்க."

சுவா சூ காங் நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ரயிலில், எதிர் இருக்கையிலிருந்த பெண் தன் கணவனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு என் கைப்பேசியில் எனக்கு மனம் செல்லவில்லை.

"ஆடி பொறந்துடும்னு அம்மாதானே அவசரப்படுத்தினாங்க. வீட்டை விக்கிற ஆன்ட்டியும் சரின்னுட்டாங்க."

"அவங்க சாமானெல்லாம் அங்கேயே கெடக்கு. அவங்க அடுப்புல போய் நம்ம பால்."

"லோன் வந்துடும்னு நெனச்சேன்."

"வேலை மாறாம இருந்திருந்தா வந்திருக்கும்."

"சம்பளம் கூடினா லோன் ஈஸியா கிடைக்கும்னுதானே மாறினேன்? புது வேலையில புரொபேஷன் முடியட்டும்னு பேங்க்ல சொல்வாங்கன்னு யாருக்குத் தெரியும்? நாம இந்த ஊருக்குப் புதுசு."

"வீட்டை வாங்க ஆன்ட்டிக்கு வேற ஆள் கெடச்சாச்சாம். நம்ம பாத்திரத்தைக் கழுவி வெச்சிருக்காங்களாம், வந்து எடுத்துக்கச் சொன்னாங்க," என்றாள்.

"நல்ல மனுஷி."

"ம். அத்தைகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"பால் பொங்கினதை வீடியோவுல பாத்துட்டு அப்படி அழுதாங்க. எப்படிச் சொல்றது?"

அவனுடைய கைப்பேசி ஒலித்தது. திரையைப் பார்த்தவன் அவளிடம் காட்டினான். பாத்திரத்துக்காகக் கொண்டுவந்திருந்த காலிப் பையை அவள் மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றான். "ஆமாம்மா, நம்ம வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கோம்."