மெல்ல விழுந்த கை

— கதவை விடு, கிகு.

— விட மாட்டேன்.

— மேளம் தட்டியாச்சு. அடுத்து மேடைக்கு என் பேரைத்தான் கூப்பிடுவாங்க.

— கூப்பிடட்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப் போகட்டும்.

— அட, நம்ம பசங்க இத்தோமான்லேருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து முன்வரிசைல உக்காந்திருக்கானுங்க. மாஸ்டரை அவர் பொண்டாட்டி ரூம்ல அடைச்சு வெச்சுட்டாள்னு யார் போய்ச் சொல்றது?

— நான் சொல்றேன். வயித்து வலின்னு சொல்றேன்.

— நல்லாச் சொன்ன போ! அடின்னதும் யோனாமினே கராத்தே பள்ளிக்காரனுக்கு வயிறு கலங்கிருச்சுன்னு உங்க அண்ணன் ஆளுங்க பாட்டே கட்டிடுவாங்க. அப்புறம் நாஹா பக்கம் நம்ம பசங்க தலை காட்ட முடியுமா?

— பாட்டுதானே? கட்டட்டும். உயிரோட இருந்து கேட்டுக்கலாம்.

— உயிரா? என்ன பேச்சு இது? சட்டையைக் கழட்டிட்டு சான்சின் நிலையில நிக்கணும். மூச்சை இறுக்கி, உடம்பை இறுக்கி, கால் நகராம நிக்கணும். உங்க அண்ணன் தோள்லயும் முதுகுலயும் விளாசுவார். சாயங்காலம் ஆனா நம்ம கொல்லையில நீ அடிக்க நான் நிக்கறது தானே?

— நான் அடிக்கறதும் செய்ஜுன் அண்ணா அடிக்கறதும் ஒண்ணா? அண்ணா அடிச்சா கடைசி வரிசைக்குக் கேக்கும்.

— உன் கையும் அவர் கையும் உங்க அப்பா பழக்கின கை. உன் கையில நின்னவன் எந்தக் கையிலயும் நிப்பான்.

— இப்ப என் கையில நின்னதைப் பெருசா நினைக்காதீங்க.

— ஏன்?

— ஏன்னா... உக்காருங்க, சொல்றேன்.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு.

— அந்தப் பெரிய புயலுக்கு அப்புறம் நான் உங்களை அடிக்கவே இல்லைங்க. அடிக்கற மாதிரி கையை ஓங்கிட்டு, தடவிக்கிட்டுதான் இருக்கேன்.

— தெரியும்.

— தெரியுமா?

— தோலுக்குத் தெரியாதா? முன்னெல்லாம் நீ அடிச்சா பக்கத்து வீட்டு நாய் எழுந்து குலைக்கும். இப்ப அது பாட்டுக்குத் தூங்குது.

— தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா என்ன சொல்லப் போற? விடு அதை. கதவையும் விடு.

— ஏங்க, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. காலைப் பிடிக்கணும்னா பிடிக்கறேன். புயல் முடிஞ்சு கூரை ஓட்டைச் சரி பண்ணும்போது நீங்க மயங்கி விழுந்தீங்கள்ல? ஆஸ்பத்திரில படம் எடுத்தாங்கள்ல?

— ஆமா. வயித்துப் புண்ணு, காரம் சேக்காதேன்னாங்க. உன் புண்ணியத்துல உப்புச் சப்பு இல்லாம தின்னுக்கிட்டிருக்கேன்.

— புண்ணு இல்ல. உங்களை வெளியில உக்கார வெச்சுட்டு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். வழக்கம்தானே, சீக்காளிக்குச் சொல்லாம வீட்டுக்காரிகிட்ட சொல்றது? நெஞ்சுல பெரிய ரத்தக் குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி ஊதியிருக்காம். கத்தி வைக்கற இடம் இல்லையாம். மூச்சை இறுக்கக் கூடாது, மேல அடி படக் கூடாது. பட்டா அந்த இடத்துலயே வெடிச்சிடும்னார்.

— ம்.

— என்ன ம்?

— நல்லாத்தான் கட்டியிருக்க. பலூன்கூட வெச்சிருக்க.

— கட்டலைங்க! சத்தியமா!

— டாக்டர் சொன்ன மறுநாளே சான்சின் வேண்டாம்னு என்னைத் தடுத்திருக்கலாமே?

— தடுத்தா ஏன்னு கேப்பீங்க. இவருக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா அந்தப் பயத்துலயே போயிடுவார்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் லேசா அடிச்சேன். சோறு ஆறுதுன்னு சொல்லிப் பாதியில நிறுத்தினேன். மழை வந்தா ஓடி ஓடிச் சந்தோஷப்பட்டேன், இன்னிக்கு நிக்க மாட்டீங்கன்னு.

— கிகு.

— சொல்லுங்க.

— போதும். நீ எனக்காக இவ்வளவு கதை சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிடறேன். உன் கை.

— என் கைக்கு என்ன?

— உங்க அம்மாவுக்கு எப்படி ஆரம்பிச்சுது? கையிலதானே? முதல்ல துணி பிழிய முடியல. அப்புறம் சாப்ஸ்டிக் பிடிக்க முடியல. கடைசில சூம்பிப் போய்...

— ஐயோ!

— கெண்டி மூடி உன் கையில இருந்து நழுவி விழுந்துதே, மல்லிகைத் தேத்தண்ணி பாயெல்லாம் ஓடுச்சே, அன்னிக்கே எனக்குத் திக்குன்னுச்சு. அன்னிலேருந்துதான் உன் அடியும் விழல. நாளுக்கு நாள் லேசாச்சு. ராத்திரி நீ தூங்கும்போது உன் கையைத் தூக்கிப் பாத்திருக்கேன்டி. கனம் குறைஞ்சிருக்கான்னு.

— அன்னிக்குத்தாங்க டாக்டர் சொன்னார்! உங்களைப் பத்திச் சொன்னார்! அந்தக் கவலைல மூடி நழுவிருச்சு!

— நான் அந்த டாக்டரையே போய்க் கேட்டேன்.

— என்னன்னு?

— என் பொண்டாட்டிக்கு என்ன வியாதின்னு. மனுஷன் என் கண்ணைப் பாக்கவே இல்ல. மேசையைப் பாத்துக்கிட்டே, வீட்டுல சந்தோஷமா இருங்க, உங்க சம்சாரத்தை வருத்தப்பட வைக்காதீங்கன்னார். எனக்கு விளங்கிருச்சு. வெளியில வந்து பஸ்ஸுல ஏறாம துறைமுகம் வரைக்கும் நடந்தேன்.

— அவர் கண்ணைப் பாக்காதது உங்களை நினைச்சுங்க! உங்ககிட்ட மறைச்சுக்கிட்டே உங்ககிட்ட எப்படிப் பேசுவார் அவர்?

— அப்படியும் இருக்கலாம். நீ சொல்ற மாதிரியும் இருக்கலாம். நீ சொல்றதை நம்பத்தான் ஆசையா இருக்கு. அதனாலதான் நம்ப முடியல.

— இப்ப இந்த மேடைல எதுக்கு ஏறணும்? அதைச் சொல்லுங்க முதல்ல. இத்தனை வருஷமா அண்ணா கூப்பிட்டப்பல்லாம் சிரிச்சுட்டு வந்தீங்களே?

— நான்தான் இந்தத் தடவை போய்க் கேட்டேன்.

— நீங்களா?

— அமெரிக்காக்காரன் ஆட்சி முடிஞ்சு டாலர் போய் யென் வந்த வருஷம் உங்க அப்பா உன் பேர்ப்பலகையைப் பள்ளிச் சுவத்துலேருந்து கழட்டினார். எதிரிப் பள்ளிக்காரனைக் கட்டிக்கிட்டவ பேரு கபீரா பள்ளிச் சுவத்துல தொங்காதுன்னார். நீ ஒரு நாளும் அதைப் பத்திப் பேசல. ஆனா உங்க பள்ளி இருக்கற தொமாரி பக்கம் பஸ் போறப்பல்லாம் ஜன்னல் மாத்தி உக்காருவ. நான் பாத்திருக்கேன். உனக்கு... உன் கை இன்னும் இருக்கறப்பவே அந்தப் பலகையை நீ பாக்கணும்னு தோணுச்சு. உங்க அண்ணன்கிட்ட போய்த் தலை குனிஞ்சேன்.

— ஏங்க...

— என் கையில நீ சான்சின்ல நில்லு, ஊரு பாக்க. கால் நகராம நின்னா பலகை ஏறும்னார். சரின்னேன். இதுல என்ன தப்பு?

— நான் லேசா அடிச்சதே உங்களை இங்க கொண்டாந்துருச்சா? கடவுளே! கையைக் குடுங்க. இதோ, நசுக்கறேன் பாருங்க. வலிக்குதா? சொல்லுங்க, வலிக்குதா?

— உங்க அம்மாவும் கடைசி வரைக்கும் போர்வையை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. மேலேருந்து கையை ஓங்கித்தான் போட முடியல.

— செவுத்தை அடிச்சுக் காட்டறேன்.

— செவுரு எனக்கு என்ன சொல்லும்? நான் சொல்றேன் பாரு, ஒரே வழி. முன்ன மாதிரி என் தோள்ல ஒண்ணு போடு. ஒண்ணே ஒண்ணு. நாய் குலைக்கற மாதிரி. உன் கை நல்லா இருந்தா எனக்கு அந்த மேடைல வேலையே இல்ல. பசங்களைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.

— உங்களையா?

— என்னைத்தான். அடி.

— அடிச்சா நீங்க செத்துடுவீங்க.

— அடிக்க முடியலைன்னு சொல்லேன்.

— முடியலைன்னு இல்லைங்க, கூடாதுன்னு!

— பாத்தியா? அழாத. வழி விடு.

— யோனாமினே மாஸ்டர்! ரெண்டு தடவை பேரைக் கூப்பிட்டாச்சு. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— வந்துட்டேன் மச்சான், வந்துட்டேன். உங்க தங்கச்சிதான் கதவைப் பிடிச்சிருக்கா.

— அண்ணா! உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க. மேல்சட்டையைக் கழட்டுங்க.

— என்னது?

— சான்சின்ல நில்லுங்க. நான் அடிக்கணும்.

— கிகு, பைத்தியமா உனக்கு? முறைன்னு ஒண்ணு இருக்கு. பள்ளியை விட்டுப் போனவ கை பள்ளித் தலைவன் மேல படக் கூடாது.

— உங்க கையில என்ன அது? என் பலகைதானே?

— ஆமா. இவர் நின்ன பிறகு மாட்டறதுக்கு.

— அதை அடுப்புல வைங்க! எனக்கு வேண்டாம்! அண்ணா, இவர் நெஞ்சுல ரத்தக் குழாய் ஊதியிருக்கு. உங்க கை ஒரு தடவை விழுந்தா இங்கயே முடிஞ்சிடும். சொன்னா நம்ப மாட்டேங்கறார். எனக்குத்தான் அம்மாவுக்கு வந்த சீக்குன்னு நினைச்சுக்கிட்டு, எனக்காகச் சாகப் போறார். என் கை நல்லா இருக்குன்னு இவர் கண்ணால பாக்கணும். இவரை அடிக்க முடியாது. வேற யாரை அடிப்பேன் நான்? சொல்லுங்க, யாரை அடிப்பேன்?

— மாப்பிள்ளை, இது என்ன பேச்சு?

— எனக்கும் தெரியல மச்சான். அவ சொல்றா.

— கிகு, அப்பா செத்தப்பகூட நீ வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுப் போன. ஒரு சொட்டு அழல. இன்னிக்குத்தான் நீ அழுது பாக்கறேன்.

— அண்ணா, கெஞ்சறேன்.

— இந்தா, இதைப் பிடி மாப்பிள்ளை. பலகை பத்திரம்... நின்னுட்டேன். அடி.

— வெறும் மூச்சுல நிக்காதீங்க. இறுக்குங்க.

— எனக்கே சொல்றியா? இறுக்கிட்டேன். அடி!

— மன்னிச்சிடுங்கண்ணா.

— அம்மா!

— மச்சான்! இந்த நாற்காலியைப் பிடிங்க.

— தொடாதே. தள்ளி நில்லு... கால் நகர்ந்துருச்சு. பாத்தியா மாப்பிள்ளை? நகர்ந்துருச்சு.

— பாத்தேன்.

— அப்பா கைடா அது. அப்படியே அப்பா கை. இந்தத் தோளை நான் ராத்திரி திருப்ப முடியாது.

— வலிக்குதாண்ணா?

— வலிக்காம? வெளிய கேளு. கூடத்துல பேச்சே நின்னு போச்சு. அங்க வரைக்கும் கேட்டிருக்கு. இப்ப யாராவது ஒருத்தன் மேடைல நின்னாதான் இந்தக் கூட்டம் எழுந்து போகும்.

— நான்...

— நீ உக்காரு மாப்பிள்ளை. நான் நிக்கறேன். அவ அடிக்கட்டும்.

— மச்சான், முறைன்னு ஒண்ணு இருக்கே?

— இருக்கு. பலகை தொங்கறவ அடிக்கலாம். அதைக் குடு இப்படி. முதல்ல மாட்டிட்டு வரேன். உன் பசங்ககிட்ட, உங்க மாஸ்டர் வீட்டுக் கை எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போங்கடான்னு சொல்லிடறேன். கிகு, முகத்தைக் கழுவு. அப்புறம்... மேடைல இடது தோள்.

— சரிண்ணா.

— ஏங்க. அண்ணா போயிட்டார். மூச்சை இறுக்காதீங்க.

— இறுக்கல. கையைக் காட்டு.

— ஒண்ணும் இல்லைங்க.

— செவந்து போச்சே. எப்படிக் கொதிக்குது பாரு.

— இப்பவாவது நம்பறீங்களா?

— நம்பறேன். உன் கைக்கு ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்ல.

— டாக்டர் மேசையைப் பாத்துப் பேசினது உன்னை நினைச்சு இல்ல.

— இல்லைங்க.

— அப்ப அந்தப் பலூன் நெஜம்.

— நெஜம்ங்க. நெஜம். என்னை மன்னிச்சிடுங்க.

— போகப் போறது நீ இல்ல?

— அப்படியெல்லாம் பேசாதீங்க. பத்திரமா இருந்தா வருஷக் கணக்கா...

— நான்தானா? அப்பாடா!