முதல் பந்தின் பின்னால் ஒரு மயிரிழை

யாருக்காவது வெளியே போக வேண்டுமென்றால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். நடுவில் துணைக்குக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன்.

இது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. இரவு மணி ஒன்றிருக்கும். சாலையில் ஈ காக்கை இல்லை. மழை விட்டு, கூரைகளிலிருந்து சொட்டுச் சத்தம் மட்டும்... சித்தப்பா தன்னுடைய பூல் ஹாலின் ஷட்டரைத் தூக்கினார்.

ஹால் அவருக்கும் அவர் தங்கை புருஷனுக்கும் பொது. விற்றுவிடலாம் என்றார் சித்தப்பா. "உசுரே போனாலும் விக்க மாட்டேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. கடைசியில், ஒரே ஆட்டத்தில் ஜெயிப்பவர் சொல்வதுதான் முடிவு என்று பேசிக்கொண்டார்கள்.

பூல் ஆட்டத்தில் முக்கோணச் சட்டத்துக்குள் பந்துகளை அடுக்குவார்கள். சட்டத்தை எடுத்ததும் வெள்ளைப் பந்தைக் குச்சியால் ஓங்கி அடித்து அந்த அடுக்கை உடைப்பார்கள். முந்தைய ஆட்டத்தில் தோற்றவர் அடுக்க வேண்டும், ஜெயித்தவர் உடைக்க வேண்டும். பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் நன்றாகச் சிதறும். அன்று அடுக்கியவர் சித்தப்பா. கட்டைவிரலால் ஒரு தட்டு... முதல் பந்தின் பின்னால் மயிரிழை இடைவெளி விட்டுவிட்டார், படுபாவி. மாப்பிள்ளை உடைத்தார். 'பொத்' என்றது. ஒரு பந்துகூடக் குழியில் விழவில்லை. பிறகென்ன, ஜெயித்தது சித்தப்பாதான்.

மாப்பிள்ளை குச்சியைச் சுவரில் மாட்டினார். அந்தப் பந்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதம் திரும்புவதற்குள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். தங்கை அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள்.

விடிந்தால் ஹால் கைமாற வேண்டும். "அவரு குச்சிய மட்டும் கொண்டாந்துருண்ணா" என்று அவள் தூங்காமல் அழுததால்தான் சித்தப்பா அந்த நேரத்தில் போனார்.

உள்ளே தைல வாசனை. ஆடுவதற்கு முன் மாப்பிள்ளை மணிக்கட்டில் தேய்த்துக்கொள்வாரே, அதே தைலம். மேஜைக்கு மேலே விளக்கு தானாக எரிந்தது. பெட்டியில் பூட்டி வைத்த பந்துகள் மேஜைமேல் குவிந்து கிடந்தன. பக்கத்தில் முக்கோணச் சட்டம். சுவரில் மாப்பிள்ளையின் குச்சி இல்லை. மேஜையின் அந்தக் கோடியில், இருட்டுக்குள், அடிப்பதற்கு முன் குச்சி நுனியில் சாக்பீஸ் தேய்க்கும் சத்தம்.

சரக்... சரக்...

அந்த ஆட்டத்துக்கே திரும்ப அடுக்கச் சொல்கிறார். சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அடுக்கினார். அப்போதும் பாருங்கள், புத்தி மாறியதா? விலை பேசியாயிற்றே! கட்டைவிரல் தன் வேலையைக் காட்டியது. அதே மயிரிழை. சட்டத்தைத் தூக்கினார்.

முதல் பந்து... மெல்ல... தானாகப் பின்னால் நகர்ந்தது.

டிக்.

ஒட்டிக்கொண்டது.

"மாப்ள... வேணாம் மாப்ள..."

விளக்கு அணைந்தது. இருட்டில் அடுக்கு 'படார்' என்று உடைந்தது. பந்துகள் உருண்டு உருண்டு குழிகளில் விழுந்தன. டொக்... டொக்... கடைசிப் பந்து விழும்வரை சித்தப்பாவால் காலைப் பெயர்க்க முடியவில்லை. அப்புறம் பிடித்தார் பாருங்கள் ஓட்டம், ஷட்டரைக்கூட இறக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டார். கதவிலேயே சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தங்கை எழுந்து வந்தாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"ஹால விக்கலம்மா. அது உனக்குத்தான். நான்... நான் தோத்துட்டேன்."

அவள் ஒன்றும் புரியாமல் விளக்கைப் போட்டாள்.

"குச்சியத்தான கேட்டேன்? இத எதுக்குண்ணா கொண்டாந்த?"

சித்தப்பா கையை விலக்கிப் பார்த்தார். சாப்பாட்டு மேஜைமேல், அவர் உட்காரும் நாற்காலிக்கு நேராக, அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக்கொண்டு, காலியாக இருந்தது... முக்கோணச் சட்டம்.