விரத நாளில் ஊற்றித் தந்த வைன்

என் பெயர் சின்னத்தம்பி கலைமாறன். வயது முப்பத்தாறு. பிறந்தது முல்லைத்தீவில், தற்போது பாரிஸ் அருகே கார்ஜ் லே கொனெஸில் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. எனக்குப் பிரெஞ்சு போதாததால், லாச்சப்பல் பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் மிருணாளினி கேட்க, தமிழில் சொல்வதாவது:

சென்ற ஐப்பசியில், பாரிஸில் ரூ காய் தெருவில் வேலைக்கு ஆள் சேர்க்கும் இராஜதுரை, என்னையும் என் அறைத்தோழர் வல்லிபுரம் அண்ணையையும் வான் வண்டியில் ஏற்றித் தெற்கே ஒரு வைன் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். தோட்டக்காரியின் பெயர் மர்கரீத். அங்கே திராட்சைப் பழத்தைப் பறிக்கும் காலம் பிந்தும்வரை கொடியிலேயே விட்டு, பூஞ்சணம் பிடித்துச் சுருங்கியதை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். அழுகியதில்தான் இனிப்பு வைன் வருமாம். நல்ல பழத்தைக் கிள்ளினால் ஏச்சு விழும்.

அது கந்தசஷ்டிக் காலம். நாங்கள் இருவரும் விரதம். பாலும் பழமும் மட்டும். அண்ணை விரதமில்லாத நாளிலும் குடிக்காதவர். எனக்கு அவ்வளவு ஒழுக்கம் இல்லை.

நான்காம் நாள் பிற்பகல் நிலவறையைக் கழுவும்படி மர்கரீத் அவரை அனுப்பினார். அங்கே பீப்பாய்களில் புதுச் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. நெடுநேரமாகியும் அவர் வராததால் வாசலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அதன் பின் மர்கரீத்தும் இராஜதுரையும் ஓடிவந்து, உடனே இறங்காமல், கதவுகளை எல்லாம் திறந்து, காற்றுப் போகவிட்டு, பிறகுதான் அவரை இழுத்து வந்தார்கள். உயிர் இல்லை. நுரைக்கும் சாற்றின் வாயு ஆளைக் கொல்லும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதன் பின் மர்கரீத், விருந்தாளிகள் ருசி பார்க்கும் மேசையில் மூன்று கிளாஸில் வைன் ஊற்றினார். இராஜதுரை என்னிடம், "நாங்கள் இஞ்சை வைன் ருசி பாக்க வந்தனாங்கள். அவர் கூடக் குடிச்சிட்டுக் கீழை இறங்கினவர். விளங்குதோ? குடி, வாய் மணக்கோணும். உனக்கு விசாக் காட் இல்லை" என்றார். ஒரு கிளாஸை அண்ணை போட்டிருந்த சேட்டில் ஊற்றினார். நான் குடித்தேன். தேன் போல இனித்து, தொண்டையில் நெடுநேரம் நின்றது. நன்றாக இருந்தது. என் நாக்கின் மேல் எனக்கு இன்றும் அருவருப்பு. பொலிஸார் வந்தபோது எனக்காகப் பிரெஞ்சில் பேசியது இராஜதுரை மட்டுமே.

அண்ணையின் இரத்தத்தில் மது இல்லை என்று தெரிந்தபின், மர்கரீத்தும் இராஜதுரையும், ருசி பார்க்க வந்தவர் விரதக் களைப்பில் மயங்கினார் என்று மாற்றிச் சொல்கிறார்களாம். விரதக்காரனுக்கு வைன் மேசையில் என்ன வேலை? அதே விரதம் எனக்கும். நான் மயங்கவில்லை. நான் வெளியே நின்றேன்.

அண்ணையின் மனைவி ரதிதேவி கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்து, "தம்பி, இவர் குடிச்சுத்தான் செத்தவரோ? உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். அதனால் வந்தேன்.

இதை எனக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டினார்கள். யாவும் நான் கண்டதே, எவரும் சொல்லித்தரவில்லை. வல்லிபுரம் அண்ணை அங்கே வேலைக்கு வந்தவர். நானும் வேலைக்கு வந்தவன். இந்த வசனத்தை எழுதினால், காட் இல்லாமல் வேலை செய்ததற்காக எனக்கு என்ன நடக்கும் என்று மிருணாளினி எடுத்துச் சொன்னார். எழுதச் சொன்னேன்.

(ஒப்பம்) சி. கலைமாறன்