மூச்சு வாங்கும் ஊரில் காற்று வாங்க

நான் மைக்கைத் தொட்ட நொடியிலிருந்து கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! இன்றைய தீர்மானத்தை எழுதிய செயலாளர் அவர்களே! லிப்ட் நின்றுபோயிருந்தும் படி இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! வாரமெல்லாம் அலுவலகத்துக்கும், விடுமுறையைத் துணி துவைப்பதற்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த மாலையை எங்களுக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! தினமும் ரயிலில் என் தோளில் தூங்கி, இன்றுதான் கண் திறந்து என்னைப் பார்க்கிற சக பயணிகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். சொல்லுவேன். ஆனால் நான் இறங்கியதும் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். கடற்சுவரில் இருக்கும் சின்னக் கேட்டை நிரந்தரமாகப் பூட்டுவது என்று தீர்மானம். காரணம் ஒரே வரி: "வெளியாட்கள் வருகிறார்கள்." அந்த ஒரு வரிக்குள் ஒரு சொல் என்னைக் குத்துகிறது. அதைப் பற்றிப் பேசாமல் நன்றி சொன்னால் அது நன்றியாக இருக்காது.

நம்மை முதலில் பார்ப்போம். நாம் வாங்கத் தெரிந்தவர்கள். பட்டம் வாங்கினோம். வேலை வாங்கினோம், பிறகு பிறரிடம் வேலை வாங்கினோம். நல்ல பெயர் வாங்கினோம், மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினோம். கடன் வாங்கி, கடல் தெரியும் வீடு வாங்கினோம். இத்தனையும் வாங்கிய நாம், காற்று வாங்கினோமா? சொல்லுங்கள், கடைசியாக எப்போது காற்று வாங்கினீர்கள்?

விடியும் முன் கிளம்புகிறோம், கடல் இருட்டு. இருட்டிய பின் திரும்புகிறோம். கடல் அப்போதும் இருட்டு. உப்புக் காற்று டிவியைத் தின்றுவிடும் என்று ஜன்னலை மூடுகிறோம். வெயில் சோபாவை வெளுத்துவிடும் என்று திரையை இழுக்கிறோம். மூடிய அறையில் ஏ.சி.யைப் போட்டுவிட்டு, செல்போன் முகப்பில் கடல் படம் வைத்துக்கொள்கிறோம். ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம், லிப்டைப் பிடிக்க ஓடுகிறோம், பள்ளி வேனைப் பிடிக்கப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். நமக்கு மூச்சு வாங்குகிறது. மூச்சு மட்டும்தான் வாங்குகிறது!

சிரிக்கிறீர்கள். நான் கேலி செய்யவில்லை. பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும், பெற்றவர்களுக்கு நல்ல மருத்துவம் வேண்டும் என்றுதானே இந்த ஓட்டம்? மாடமாளிகையில் மயங்கிக் கிடக்கிறோம் என்று நம்மைத் திட்டுகிறவர்கள், காலை ரயிலில் நம் முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் பிளந்து, கழுத்து சாய்ந்து, அடையாள அட்டை மார்பில் ஆட, போரில் விழுந்தவர்களைப் போலத் தூங்குகிறோம். அந்த முகங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் அந்தப் பூட்டின் மேல்.

போன வாரம் மின்கம்பி அறுந்து ரயில்கள் நின்றனவே, நினைவிருக்கிறதா? பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். செயலாளரும் நானும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். நல்ல பகல். நம் குடியிருப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, "இந்தச் சுவர் மஞ்சளா? நான் வெள்ளைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் அவர். பெயிண்ட் அடிக்க ஒப்புதல் தந்ததே அவர்தான்.

அவருடைய அப்பாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆயுளெல்லாம் ஏ.சி. பழுது பார்த்து மகனைப் படிக்க வைத்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். விழுந்துவிடுவார் என்று பயந்து, வெளியே போகக் கூடாது என்று மகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் அலுவலகத்திலிருந்து போன் செய்வார். "வீட்டுலதான்டா இருக்கேன்" என்பார் அப்பா.

அன்றைக்குக் கதவைத் திறந்தால், வீட்டில் அப்பா இல்லை.

படுக்கையறையில் இல்லை, குளியலறையில் இல்லை, பால்கனியில் இல்லை. பெரிய கேட்டின் கேமராவில் அவர் வெளியே போன சுவடே இல்லை. லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் செயலாளர் படியில் ஓடினார். கார் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் அறை என்று எல்லா இடமும் தேடி, கடைசியில் சின்னக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தோம்.

கடற்சுவரின் மேல் வரிசையாக ஆட்கள். வேலைகளுக்கு நடுவே கால் நீட்ட வந்த சமையல்காரர்கள், இரண்டு டிரைவர்கள், பணி முடிந்த காவலாளி. நடுவில் பெரியவர், வாக்கரில் சட்டையைக் காயப்போட்டுவிட்டு, பனியனோடு! எதையோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "கம்ப்ரசர் ஐயா" என்று அவருக்கு அங்கே பட்டப்பெயர்.

செயலாளருக்கு மூச்சு இரைத்தது. டை தோளில் கிடக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் இருந்த ஒரு அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு சார் நீங்க? யாரைத் தேடுறீங்க?"

"எங்க அப்பாவை."

"எந்த வீட்டுக்காரர்?"

அன்பர்களே, அந்த அக்கா அவர் வீட்டில் சமைப்பவர்! செயலாளர் போன பிறகு வருவார், திரும்பும் முன் போய்விடுவார், விடுமுறை நாளில் வரமாட்டார். வேலைக்குச் சேர்த்தது செயலாளரின் மனைவி. சம்பளம் போவது போன் வழியாக. இத்தனை வருடம் அவர் கையால் சாப்பிட்டவருக்கு அவர் முகம் தெரியாது. அவருக்கு உப்பு கம்மியாகப் போட வேண்டும் என்று தெரிந்த அக்காவுக்கு, அவர் முகம் தெரியாது.

அக்கா நகர்ந்து இடம் விட்டார். "முதல்ல உக்காருங்க சார். எப்படி மூச்சு வாங்குது பாருங்க. கொஞ்சம் காத்து வாங்குங்க."

பெரியவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, வீட்டுலதான் இருக்கேன்னு சொன்னீங்களே" என்று மகன் கேட்டதற்கு அவர் அசரவில்லை.

"இந்தக் கடல் படத்தைப் போட்டுத்தானேடா கட்டினவன் வீட்டை வித்தான்? அப்ப இதுவும் நம்ம வீடுதான். வேணும்னா அந்த விளம்பரத்தை எடுத்துப் பாரு."

சுவர் முழுக்கச் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை, உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இதை மேடையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "நீங்களே சொல்லிடுங்க. எனக்குக் குரல் நிக்காது" என்றார். தீர்மானம் அதற்கு முன்பே செயற்குழுவில் நிறைவேறிவிட்டது. அவர் ஒருவரால் திரும்பப் பெற முடியாது. உங்களால் முடியும்.

அங்கே யாரோ "பாதுகாப்பு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கேட்டில் விளக்கு போடுவோம், ஆள் போடுவோம். நான் திருப்பிக் கேட்கிறேன்: நம் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது? நம் குழந்தையின் பால் பாட்டில் யார் கையில் இருக்கிறது? சாவியைக் கொடுப்போம், குழந்தையைக் கொடுப்போம், உட்காரச் சுவரில் ஒரு சாண் கொடுக்க மாட்டோமா? பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கை உள்ளாளின் கை. தேய்த்து ஓய்ந்து மடியில் கிடந்தால் அதுவே வெளியாளின் கையா? அன்று அந்தச் சுவரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. யாருக்கும் தெரியாதவராக வந்து நின்றவர் ஒருவர்தான். அவர் நம் செயலாளர்! அன்றைய வெளியாளுக்கு அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பூட்டவில்லை.

மைக்கை வாங்கச் சொல்கிறார் தலைவர். வாங்கட்டும், அவரும் எதையாவது வாங்க வேண்டுமே! முடித்துவிடுகிறேன்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைப் பாருங்கள். லிப்ட் நிற்கும் முன்பே இறங்கி வந்து, தலைவர் ஆண்டறிக்கையைத் தொடங்கியதும் வாக்கரைத் தட்டிக்கொண்டு எழுந்துபோனாரே, அவருடைய நாற்காலி. எங்கே போனார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். இந்த நிமிடம் நீங்கள் அந்தக் கேட்டைப் பூட்டினால், அவர் வெளியே. நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு பெரிய கேட்டுக்கு வர அவர் முழங்கால் தாங்காது. தீர்மானத்தின்படி முதல் வெளியாள் அவர்தான்.

இப்போது நன்றி. மண்டபம் பெருக்கியவர்களுக்கு நன்றி. நாற்காலி போட்டவர்களுக்கு நன்றி. பின்னால் நமக்காகச் சமைத்துவிட்டு, நாம் முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருக்கும் அக்காமார்களுக்கு என் தனி நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தலைகுனியாமல் மேடையில் உட்கார்ந்திருக்கும் செயலாளருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

வாக்களித்துவிட்டு ஒரு நடை நடந்து காற்று வாங்கி வாருங்கள். சாப்பாடு காத்திருக்கும். கேட் திறந்திருந்தால், காற்றும் காத்திருக்கும். வணக்கம்.