பதினொரு தடவை நின்ன கம்ப்யூட்டர்

அதைத்தானே தம்பி நானும் சொல்றேன். உங்க கடையில வச்சா மூணு நாள் முழுசா ஓடுது, இங்க கொண்டாந்து இந்த மேஜையில வச்சா பொட்டுனு நின்னுடுது. உங்களைக் குறை சொல்லலப்பா. மொதல்ல அந்த நாற்காலியில உக்காருங்க, டீ ஆறுது. மேஜைக்கு அடியில எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அங்க ஒரே ஒட்டடை, நீங்க வேற வெள்ளைச் சட்டை.

அவரா? கடைக்குப் போயிருக்காரு. அந்தப் பசை வாங்கறதுக்கு... சிப்பு மேல தடவுவாங்களே, சூடு இறங்க, அது. இது நாலாவது ட்யூப். நான் முட்டி வலிக்குதுன்னு ஆறு மாசமா கத்தறேன், எனக்கு ஒருநாள் தைலம் தடவி விட்டதில்லை இந்த மனுஷன். போன மாசம் என் தங்கச்சி வந்து, மாமா உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, அறுபத்திரண்டு டிகிரிதான், கவலைப்படாதேங்கறாரு. அவ பதறிப்போய் டாக்டருக்குப் போன் போடப் போயிட்டா. அவளும் லேசுப்பட்டவ இல்லை. சின்ன வயசுல கொசு கடிச்சதுக்கே ஆஸ்பத்திரியில படுத்தவ... சரி, அது வேற கதை.

வந்தாருன்னா நீங்க கொஞ்சம் சத்தமா பேசணும். முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ரூம்லயே கிடந்து காது அரைக்காது ஆயிடுச்சு. பக்கத்துல டக்குனு ஏதாவது சத்தம் வந்தாக்கூட கேக்காது. அது ஒருவகையில நல்லதுதான்.

எல்லாமே அவர் கையால மாட்டினது தம்பி. ரிட்டையர் ஆன மறுநாளே ஆரம்பிச்சுட்டாரு. பொட்டி ஒரு கடை, போர்டு ஒரு கடை, ஃபேன் இன்னொரு கடை. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பி வச்சதுல, ரெண்டு மாசம் நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டோம். ஒரு ஸ்க்ரூ காணோம்னு வீட்டையே தலைகீழாப் புரட்டினாரு. கடைசியில பருப்பு டப்பாவுல கிடந்தது. எப்படிப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

அந்த நோட்டா? அது எதுக்குப்பா இப்ப... எடுத்துட்டீங்களா. லிஃப்டு நின்னா எழுதி வைப்பாங்களாம், அதே மாதிரி. எத்தனை மணிக்கு நின்னுச்சு, சூடு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, ரூம்ல யார் யார் இருந்தாங்க. மொத்தம் பதினொரு தடவை. ஆமா ஆமா, பதினொரு தடவையும் நான், இவள்னுதான் எழுதியிருக்காரு. நல்லாத்தான் படிக்கிறீங்க. அவர் அந்தக் கட்டத்தை மட்டும் திரும்பிப் பாக்கவே இல்லை.

மொதல்ல மெமரின்னாரு, மாத்தினாரு. அப்புறம் பவர் சப்ளைன்னாரு, மாத்தினாரு. அப்புறம் பூனைன்னாரு. பாவம், அது ஒரு வாரம் வெளியில கிடந்துச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின். நேராப் போய், மத்தியானத்துல துவைக்காதீங்க, என் கம்ப்யூட்டர் நிக்குதுன்னுட்டாரு. அந்தம்மா வீட்டுக்காரர் நாலு நாள் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போனாரு.

யூபிஎஸ்ஸா? சொல்லிப் பாருங்களேன். அதெல்லாம் தான் செஞ்சதுல தனக்கே நம்பிக்கை இல்லாதவன் வைக்கிறதாம். தானா சேமிக்கிறதும் கிடையாது, அணைச்சு வச்சிருக்காரு. வேலை முழுசா முடியாம கையெழுத்துப் போடக் கூடாதாம், அது லிஃப்ட்டுக்காரங்க சட்டமாம். அடிச்சு முடிச்சாத்தான் சேமிப்பாரு. ஒத்தை விரலால அடிக்கிற மனுஷன், ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆகுது.

என்ன அடிக்கிறாரா? லெட்டர்தான். எங்க மகளுக்கு. ஒரே மக. மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா. இவரு மாப்பிள்ளைக்குப் பொட்டியைத் திறந்து ஒவ்வொண்ணாக் காட்டறாரு, பெருமையா. இவ குறுக்க வந்து, இதுக்குக் கடையில ரெடியாவே வாங்கியிருக்கலாமேப்பான்னுட்டா. அவ்வளவுதான். மாப்பிள்ளை முன்னாடி! அன்னையிலேருந்து பேச்சில்லை. போன் வந்தா, சூடான பாத்திரம் மாதிரி என் கையில தள்ளிட்டுப் போயிடறாரு. அவளாவது இறங்கி வரக்கூடாதா? அப்பா கூப்பிடட்டும்ங்கறா. அப்படியே அவர் மூக்கு, அவர் கோபம். நடுவுல என் பேத்தி முகத்தை நான் போன்லதான் பாக்கறேன். ஆறு வயசு. முன்பல்லு ஆடுதாம்.

தம்பி, தம்பி, அங்க குனியாதீங்கன்னு சொன்னேனே... சரி. பாத்துட்டீங்க.

ஆமா, எல்லாத்துலயும் தூசி இருக்கு. அந்த ஒரு ஸ்விட்ச்சு மட்டும் பளபளன்னுதான் இருக்கும். என் கால் கட்டைவிரல் படற இடம் அது. படிச்சுக் காட்டறேன் கேளுன்னு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வைப்பாரு. காலு அங்கதானே போகுது. டக்குனு ஒரு அமுக்கு, டக்குனு இன்னொரு அமுக்கு.

சிரிக்காதீங்க. மொதல் லெட்டரை நீங்க படிச்சிருக்கணும். நாலு பக்கம். கடைசியில, இனிமே இந்த வீட்டு வாசப்படி ஏறாதேன்னு வருது. ஏறாங்கற வரைக்கும் அடிச்சாரு, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல... காலு ஓடிச்சு, அதான் விஷயம். அன்னைக்குத் தெரியாமத்தான் அமுக்கினேன். ஆனா மறுநாள் மறுபடி மொதல்லேருந்து அடிச்சாரு பாருங்க, மூணு பக்கம்தான் வந்துச்சு. விரல் வலிக்குதே! நாலாவது தடவை ரெண்டு பக்கம். ஏழாவது தடவை வாசப்படியே காணோம். ஒன்பதாவதுல அரைப் பக்கம், அதுலயும் பாதி மதர்போர்டைப் பத்தி.

வாயால சொல்லிப் பாக்கலையான்னா? முப்பத்தாறு வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். நல்ல காது இருந்தப்பவே கேக்கல.

முந்தாநாள் வெறும் மூணு வரி தம்பி. கம்ப்யூட்டர் நல்லா ஓடுது. பாப்பா இதுல படம் வரையலாம். அப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சாரு. திரையில அந்தக் கோடு மினுக்கு மினுக்குனு அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் காலைத் தூக்கி ஸ்டூல் மேலயே வச்சுக்கிட்டேன், பட்டுடக் கூடாதுன்னு. மூணாவது வரி அடிக்கிறாரு, மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு. அந்த மன்னிப்பு மட்டும் இல்லாம இருந்தா அன்னைக்கே லெட்டர் போயிருக்கும். காலை இறக்கிட்டேன்.

கேட் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. நோட்டைக் குடுங்க, இருந்த இடத்துலயே வச்சிடறேன். நீங்க ஏதாவது ஒண்ணைக் கழட்டி மாட்டுங்க, சரி பண்ணியாச்சுன்னு சொல்லுங்க. பொய்யில்லை தம்பி. நாளைக்கு மத்தியானம், அந்த மன்னிப்பு போறதுக்காக, ஒரே ஒரு தடவை நிக்கும். அதுக்கப்புறம் நிக்கவே நிக்காது. அதுக்கு நான் கேரண்டி.